முதுகில ஊசி போட்ட உடன பிரஷர் விழுறது ஏன்? ரெண்டாம் சீசருக்குப் போறன், தெரிஞ்சவை சொல்லுங்கோ

நிலாவெளி மருமகள் | திங்கள் இரவு 9:40

எனக்கு இப்ப 36 கிழமை. ரெண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை சீசர் எண்டபடியா இதுவும் சீசர்தானாம், 39ஆம் கிழமையில திகதி தருவம் எண்டு கிளினிக்கில சொல்லிட்டினம். வெட்டுக்குப் பயமில்லை, தையலுக்கும் பயமில்லை. நாரியில ஊசி போட்டுப் படுக்க வைச்ச பிறகு வந்த அந்த அஞ்சு நிமிசத்தை நினைச்சாத்தான் நித்திரை வருதில்லை.

2021ல நடந்தது. எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுத மாட்டன், இந்த மாவட்டம் இல்லை. ஊசி பெரிசா நோகேல்லை. கால் ரெண்டும் சூடாகிக்கொண்டு வந்து, பிறகு ஆரோ ஒராளின்ர கால் மாதிரிப் போச்சு. மேல இருந்த வட்ட லைட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன். ஒரு கொட்டாவி வந்தது. பிறகு இன்னொண்டு. பிள்ளை பெறப் போற நேரத்தில நித்திரை வருதே எண்டு எனக்கே சிரிப்பு. அடுத்த நிமிசம் வயித்தைப் பிரட்டிக்கொண்டு வந்தது, காது அடைச்சது, லைட் எங்கயோ தூரத்துக்குப் போட்டுது. சொன்னா "சும்மா சத்தம் போடாத" எண்டு பேசுவினம் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். பிறகு ஆரோ "எழுபதுக்கு நாப்பது" எண்டது கேட்டுது, உடன எல்லாரும் ஓடுப்பட்டினம். சத்தி எடுத்தன். மகன் அழுத சத்தம் கேட்டது, எனக்குத் திரும்பிப் பாக்கவே பெலன் இல்லை.

மகன் நல்லா இருக்கிறான். கோணேசர் கோயிலுக்குப் போனா சாமியை விட்டிட்டுக் கோட்டைக்குள்ள நிக்கிற மானுக்குப் பின்னாலதான் ஓடுவான். ஆனா அண்டைக்கு எனக்கு என்ன நடந்தது எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. மச்சாள் சொல்றா, "உனக்கு ரத்தம் காணாது, அதுதான்." மாமி சொல்றா, "வெறும் வயித்தில போனா வேற என்ன நடக்கும்?" ஆர் சொல்றது சரி? திரும்பவும் வருமோ? பேசாம முழு மயக்கம் தரச்சொல்லிக் கேக்கவோ?

கிண்ணியா ராத்தா | திங்கள் இரவு 10:05

தங்கச்சி, எனக்கும் சின்ன மகளுக்கு இதே கதைதான். மௌத்தாகப் போறன் எண்டு நெனச்சி கலிமாவும் சொல்லத் தொடங்கிட்டன். தலமாட்டில இரிந்த டொக்டர் சேலைன் குழாயில என்னமோ ஒரு ஊசி அடிச்சார். ஒரு நிமிசம் போகல்ல, எல்லாம் தெளிஞ்சிட்டு. மறுகா எனக்குப் பசிக்குது எண்டு கேட்டு எல்லாரும் சிரிச்ச.

அது என்ன ஊசி எண்டு நானும் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல.

பழைய தியேட்டர் மிஸ்ஸி | செவ்வாய் காலை 5:50

பிள்ளை, நான் ஒப்பரேசன் தியேட்டரில நேர்ஸா நிண்டே கால் வீங்கினவள், பென்சன் எடுத்து ஆறு வருசம். மச்சாளும் பிழை, மாமியும் பிழை. பிரஷரை விழுத்தினது அந்த ஊசிதான். அது ஊசியின்ர குறை இல்லை, அதின்ர குணம். தடுப்பு ஒண்டும் செய்யாம விட்டா சீசருக்கு வாற பத்துப் பேரில ஏழெட்டுப் பேருக்கு விழும். ரத்தம் குறைஞ்ச பிள்ளைக்கு அதிகம் ரத்தம் போனாத் தாங்காது, அதுக்குத்தான் கிளினிக்கில இரும்புக் குளிசையை விழுங்கு விழுங்கு எண்டு நிக்கிறது. அது வேற கதை.

கொட்டாவி எண்டு எழுதியிருக்கிறீர் பாரும், அதை வாசிச்சவுடன எனக்குப் பழைய தியேட்டர் கண்ணுக்கு முன்னால வந்திட்டுது. நாங்கள் மெசினைப் பாக்கிறதோட தாயின்ர முகத்தையும் பாத்துக்கொண்டுதான் நிப்பம். உதடு வெளிறும், கொட்டாவி வரும், கதைச்சுக்கொண்டிருந்தவ திடீரெண்டு பேசாம இருப்பா. அந்தப் பேசாம இருக்கிறதுதான் எங்களுக்குப் பயம். கத்துற பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படுறதில்லை.

மாமிக்கு ஒரு சேதி: இடியப்பத்தைக் களவாத் தீத்தி அனுப்ப வேண்டாம். சாப்பாட்டுக்கு ஆறு மணித்தியால இடைவெளி வேணும். வெறும் தண்ணி எண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கு முந்தி வரைக்கும் விடுவினம், அதையும் வாட்டில கேட்டிட்டுக் குடியும்.

உப்புவெளி சித்தப்பா | செவ்வாய் காலை 8:15

நான் டொக்டர் இல்லை, ஆனா மூண்டு பிள்ளையின்ர தகப்பன். எங்கட காலத்தில ஊசிக்கு முதலே ஒரு லீற்றர் சேலைனை ஏத்திப் போட்டுத்தான் தியேட்டருக்குள்ள எடுக்கிறவை. போன வருசம் மருமகளுக்கு ஊசி போடுற நேரத்திலதான் போத்தலையே கொழுவினவையாம். 2022ல மருந்து இல்லை, பெற்றோல் இல்லை எண்டு நிண்ட நாடுதானே இது, சேலைனிலயும் மிச்சம் பிடிக்கத் தொடங்கிட்டினமோ?

சிரிஞ்ச் பம்ப் | செவ்வாய் பிற்பகல் 2:30

நான் திருகோணமலைப் பெடியன், இப்ப வேற மாகாணத்தில உணர்வழியியல், அதாவது மயக்க மருந்து குடுக்கிற பிரிவில வேலை. இரவு வேலை முடிச்சு வந்து வாசிக்கிறன், கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாரியில, மூண்டாம் நாலாம் எலும்புக்கு நடுவில, முள்ளந்தண்டுக்குள்ள நரம்புகளைச் சுத்தியிருக்கிற தண்ணிக்குள்ள நாங்கள் விடுறது ரெண்டு, ரெண்டரை மில்லி மருந்துதான். புப்பிவக்கெயின் எண்டு பேர், குளுக்கோஸ் கலந்து கனமாக்கினது. கனம் எண்டபடியா படுக்க வைச்சவுடன முதுகுத்தண்டின்ர வளைவால மேல ஓடும். சீசருக்கு அது மார்புக்காம்பு மட்டம் வரைக்கும் ஏறவேணும். இல்லாட்டி வயித்துக்குள்ள பிடிச்சு இழுக்கேக்க தாய்க்கு நோகும். அந்த உயரத்துக்கு ஏறினால் நோவைக் கடத்துற நரம்போட சேர்த்து, ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிற நரம்புகளும் படுத்திடும். அதுகள் மெல்லிசு, முதலே படுக்கும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணி போற வாய்க்கால் எல்லாத்தையும் ஒரே நேரத்தில ரெண்டு மடங்கு அகலமாக்கினா என்ன நடக்கும்? தண்ணி ஒரு சொட்டும் குறையேல்லை. ஆனா மட்டம் விழும், கடைசி வயலுக்குப் போய்ச் சேராது. உங்களுக்கு நடந்தது இதுதான். ரத்தம் எல்லாம் காலுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் விரிஞ்சு நிண்டிட்டுது. "கால் சூடாச்சு" எண்டு எழுதினீங்களே, அது அந்த ரத்தம் இறங்கின சூடு. அதோட நிறைமாதக் கருப்பை, மல்லாக்கப் படுத்தா, இதயத்துக்குத் திரும்பிப் போற பெரிய நாளத்துக்கு மேல ஏறிக் குந்தும். வரவும் குறைவு, மட்டமும் குறைவு. மூளைக்குக் காணாமல் போக ஓங்காளம், காதடைப்பு, மரண பயம் எல்லாம் வரிசையா வரும்.

ஏன் எல்லாரும் ஓடுப்பட்டவை எண்டா, உள்ள இன்னொராள் இருக்கிறார். நிறைமாதத்தில கருப்பைக்கு நிமிசத்துக்கு அரை லீற்றருக்கு மேல ரத்தம் போகுது. மூளையும் சிறுநீரகமும் பிரஷர் கொஞ்சம் விழுந்தாலும் தங்கட பங்கைத் தாங்களே சரிக்கட்டிக்கொள்ளும். கருப்பைக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. தாயின்ர பிரஷர் எவ்வளவோ அவ்வளவுதான் பிள்ளைக்கு. ரெண்டொரு நிமிச விழுகையைப் பிள்ளை தாங்கும், உங்கட மகன் தாங்கினது மாதிரி. நீண்டு போகவிடக் கூடாது.

சித்தப்பாவின்ர சேலைனுக்கு வாறன். முந்தி அப்பிடித்தான் செய்தவை, நானும் படிக்கேக்க அப்பிடித்தான் படிச்சன். பிறகு பாத்தா, முதலே ஏத்துற சாதாரண சேலைன் குழாய்க்குள்ள நிக்கிறதில்லை, கொஞ்ச நேரத்திலயே இழையங்களுக்குள்ள கசிஞ்சு போகுது. வாய்க்கால் அகலமாகிறதுக்கு முதல் விட்ட தண்ணி மண்ணுக்குள்ள இறங்கிற மாதிரி. ஊசி போடுற அதே நேரத்தில கையால அமத்தி வேகமா ஓடவிட்டா அதைவிடப் பிரயோசனம். ஆகவே உங்கட மருமகளுக்குச் செய்தது சிக்கனம் இல்லை, அதுதான் இப்பத்தைய முறை. ஆனா ரெண்டு முறையிலயும் சேலைன் தனிய நிண்டு பிரஷரைப் பிடிக்காது. வாய்க்காலைத் திரும்ப ஒடுக்கிற மருந்து வேணும்.

அந்த மருந்துக்குப் பேர் ஃபீனைல்எஃப்ரின். 10 மில்லிகிராம் அம்பியூலை 100 மில்லி சேலைனுக்குள்ள கலந்தா ஒரு மில்லியில 100 மைக்ரோகிராம். அதைப் பம்பில போட்டு, முதுகில ஊசி இறங்கின கையோட நிமிசத்துக்கு 25 இல்லாட்டி 50 மைக்ரோகிராம் எண்டு ஓடவிடுவம். விழுந்த பிறகு தூக்கிறது இல்லை, விழாமல் பிடிக்கிறது. 2018ல பல நாட்டு உணர்வழியியல் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட உடன்பாடும் இதைத்தான் சொல்லுது: ஊசிக்கு முதல் இருந்த பிரஷரின்ர மேல் அளவில 90 வீதத்துக்குக் கீழ போகாமப் பாருங்கோ, 80 வீதத்துக்குக் கீழ போகவே விடாதேங்கோ. உங்களுக்கு 110 எண்டு வைச்சா 99க்கு மேல நிக்கவேணும், 88ஐத் தொடக்கூடாது. 70 எண்டது சரியாப் பிந்திப் போன இலக்கம்.

மட்டக்களப்பு மாணவி | செவ்வாய் மாலை 6:10

டொக்டர், ஒரு சந்தேகம். எங்கட பழைய நோட்ஸ்ல கர்ப்பிணிக்குப் பிரஷரை ஏத்த எஃபெட்ரின் எண்ட மருந்துதான் நல்லம், மற்ற மருந்துகள் கருப்பை ரத்தக்குழாயையும் சுருக்கிப் போடும் எண்டு இருக்கு. பரீட்சைக்கு எதை எழுதுற?

பழைய தியேட்டர் மிஸ்ஸி | செவ்வாய் மாலை 6:45

எஃபெட்ரின் எண்டே எழுதும் மகள். 30 மில்லிகிராம் அம்பியூலைப் பத்து மில்லியா ஆக்கி, சிரிஞ்சில பிளாஸ்டர் ஒட்டிப் பேர் எழுதி, தலமாட்டுத் தட்டில நான் வைச்ச சிரிஞ்சுகளுக்குக் கணக்கில்லை. ரெண்டு மில்லி அடிச்சா பிரஷர் ஏறும். பிள்ளையள் எல்லாம் அழுதுகொண்டுதான் பிறந்ததுகள்.

சிரிஞ்ச் பம்ப் | செவ்வாய் இரவு 11:20

மிஸ்ஸி, அழுததுகள்தான், இல்லை எண்டேல்லை. ஆனா கொப்பூழ்க்கொடி ரத்தத்தை எடுத்து அமிலத்தன்மை பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்.

கதை இப்பிடி. 1974ல அமெரிக்காவில கர்ப்பிணிச் செம்மறி ஆடுகளில ஒரு ஆய்வு செய்தவை. அதில எஃபெட்ரின் கருப்பை ரத்தத்தைக் குறைக்கேல்லை, குழாயைச் சுருக்கிற மற்ற மருந்துகள் குறைச்சுது. அந்த ஆட்டை நம்பி உலகம் முழுக்க ஒரு கால் நூற்றாண்டு எஃபெட்ரின் பிடிச்சுக்கொண்டு நிண்டுது. பிறகு ஹொங்கொங்கில ங்கான் கீ (Ngan Kee) எண்ட பேராசிரியரும் அவரோட நிண்டவையும் ஆட்டை விட்டிட்டுத் தாய்மாரிலயே பாத்தினம். எஃபெட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குள்ள போய், பிள்ளையின்ர இதயத்தையும் உடம்பையும் சும்மா ஓட வைக்குது. அதால பிள்ளையின்ர ரத்தத்தில அமிலம் கூடுது. ஃபீனைல்எஃப்ரின் அந்தளவுக்குத் தாண்டிப் போறதில்லை. பரீட்சைக்கு அதையே முதல் மருந்து எண்டு எழுதும் தங்கச்சி.

பழைய தியேட்டர் மிஸ்ஸி | புதன் காலை 5:40

ஆட்டுக்கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் ஒண்டு கேக்கிறன். சாமம் ரெண்டு மணி, ரெண்டு தியேட்டரும் ஓடுது, வேலை செய்யிற பம்ப் ஒண்டு. அம்பியூல் ஒண்டை நூறு மடங்கு ஐதாக்கவேணும். நித்திரைக் கண்ணோட ஆரோ ஒராள் பத்து மடங்கோட நிப்பாட்டிட்டா? தாயின்ர பிரஷர் 220க்கு ஏறும். அதோட, உம்மட மருந்து இதயத்துடிப்பை இறக்கும். 50க்குக் கீழ போனதை நான் கண்ணால கண்டனான். அப்ப எதைத் தேடி ஓடினவை? என்ர தட்டில இருந்த எஃபெட்ரினை.

சிரிஞ்ச் பம்ப் | புதன் காலை 7:30

ரெண்டும் உண்மை. கலக்கிறதில பிழை விடுறது இந்த மருந்தின்ர பெரிய ஆபத்து. அதுக்காகவே நாங்கள் பகலிலயே கலந்து, லேபல் ஒட்டி, ரெண்டு பேர் பாத்துக் கையெழுத்து வைக்கிறம். துடிப்பு இறங்கிறதும் சரி. பிரஷர் நல்லா இருந்து துடிப்பு மட்டும் குறைஞ்சா பம்பைக் கொஞ்சம் நிப்பாட்டினாக் காணும். ரெண்டும் சேர்ந்து விழுந்தா ஃபீனைல்எஃப்ரினோட பிடிவாதம் பிடிக்கக் கூடாது, அங்க எஃபெட்ரின் வேணும், இல்லாட்டி அட்ரோப்பின். துடிப்பு இப்பிடி இறங்கிறதாலதான் 2015க்குப் பிறகு நோர்அட்ரினலின் எண்ட இன்னொரு மருந்தை மிகவும் ஐதாக்கிப் பாவிக்கிறதைப் பற்றியும் கதைக்கினம். அதையும் அதே ஹொங்கொங் ஆக்கள்தான் தொடக்கி வைச்சவை.

உங்கட தட்டை ஒருத்தரும் எடுத்து எறியேல்லை மிஸ்ஸி. இப்பவும் என்ர வலக்கைப் பக்கம் அந்தச் சிரிஞ்ச் இருக்கும்.

தம்பலகாமத்தான் | புதன் காலை 10:00

தியேட்டருக்கு வெளியில நிக்கிற எங்களையும் நினையுங்கோ. கதவு திறந்து ஒரு பெடியன் ஓடி வந்து, "பிரஷர் இறங்கிட்டு, கொஞ்சம் பிந்தும்" எண்டு சொல்லிட்டு அடுத்த கதவால போட்டான். மாமியார் அந்த இடத்திலயே இருந்திட்டா. நான் பத்திரகாளி அம்மனுக்கு என்னென்ன நேந்தன் எண்டு எனக்கே ஞாபகமில்லை. அரை மணித்தியாலத்தால வந்து, "எல்லாம் ஓகே, பொம்பிளைப் பிள்ளை" எண்டு சிரிக்கினம். அந்த அரை மணித்தியாலத்துக்கு ஆரிட்டைப் போய்க் கணக்குக் கேக்கிறது?

சிரிஞ்ச் பம்ப் | புதன் காலை 10:20

நியாயமான கோபம். எங்களுக்கு அது நாளுக்கு நாலு தரம் பாக்கிற விசயம், அதுதான் வாயில லேசா வந்திடுது.

நிலாவெளி மருமகள் | புதன் இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. நாலு வருசமா என்ர உடம்பிலதான் ஏதோ குறை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். அழுகை வந்திட்டுது.

இன்னும் கேள்வி இருக்கு. முழு மயக்கம் கேக்கலாமோ? போன முறை விழுந்தபடியா இந்த முறையும் விழுமோ? எனக்கு இப்ப கிளினிக்கில பிரஷர் கொஞ்சம் கூட எண்டும் எழுதினவை, அதால இன்னும் மோசமா விழுமோ? மற்றது, சொல்ல வெக்கம், எண்டாலும் சொல்றன். போன முறை வாய் திறக்காததுக்குப் பயம் மட்டும் காரணமில்லை. தலமாட்டில நிண்ட டொக்டர் சிங்களம். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் மரக்கறி வாங்கத்தான் காணும். வயித்தைப் பிரட்டுது எண்டதை எப்பிடிச் சொல்றது எண்டு யோசிக்க முதலே எல்லாம் முடிஞ்சுது.

சிரிஞ்ச் பம்ப் | புதன் இரவு 10:40

முழு மயக்கம் கேக்கிறது உங்கட உரிமை, ஒருத்தரும் பேச ஏலாது. ஆனா நான் உங்கட தமையன் எண்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். கர்ப்பிணிக்குத் தொண்டை வீங்கியிருக்கும், குழாய் வைக்கிறது கஷ்டம். வயித்தில இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போற ஆபத்தும் இருக்கு. மயக்க மருந்து பிள்ளைக்கும் போகும். அவசரத்தில, ரத்தம் உறையாத ஆக்களில, சில இதய நோயில அதைத்தான் குடுக்கிறம். பிரஷர் விழும் எண்ட பயத்துக்கு அது மருந்தில்லை, ஏனெண்டா விழுகையைப் பிடிக்க எங்களுக்குத் தெரியும்.

கர்ப்பத்தால பிரஷர் ஏறின ஆக்களுக்கு ஸ்பைனலுக்கு, அதாவது இந்த முதுகு ஊசிக்குப் பிறகு மற்றவையைவிடக் குறைவாத்தான் விழுறது. கேக்கத் தலைகீழா இருக்கும், ஆனா அப்பிடித்தான். எண்டாலும் கிளினிக்கைத் தவற விடாதேங்கோ, அந்தப் பிரஷரையே தனியாப் பாக்கவேணும்.

நீங்கள் செய்யவேண்டியது: போன முறை ஆஸ்பத்திரியால விடேக்க தந்த டயக்னோசிஸ் காட்டைத் தேடி எடுங்கோ. உணர்வழி டொக்டர் வந்து பாக்கேக்க, "போன முறை 70க்கு விழுந்தது, சத்தி எடுத்தனான்" எண்டு நீங்களாச் சொல்லுங்கோ, அவர் கேக்கும் வரைக்கும் இருக்க வேண்டாம். படுக்க வைச்சவுடன வலது இடுப்புக்குக் கீழ சுருட்டின துணியோ ஆப்போ வைச்சு இடப்பக்கம் சரிச்சு விடுவினம், இல்லாட்டிக் கட்டிலையே சரிப்பினம். விழுகிற மாதிரி இருக்கும், விழ மாட்டீங்கள். நேரா ஆக்கிறதுக்கு நெளிய வேண்டாம். கையில கட்டின பட்டி நிமிசத்துக்கு ஒருக்கா இறுக்கும்.

அந்த ஒரு நிமிசம்தான் விசயமே. பட்டி அளந்து முடிச்சு அடுத்ததை அளக்கிறதுக்கு இடையில 110ல இருந்து 80க்குப் போக நேரம் இருக்கு. மெசினுக்கு அது தெரியாது, உங்கட வயித்துக்குத் தெரியும். ஓங்காளம் தொடங்கின கணமே சொன்னா, நான் இலக்கம் வரும்வரைக்கும் காவல் இருக்காமல் மருந்தைக் கூட்டுவன். ஸ்பைனல் போட்ட பிறகு வாற ஓங்காளத்தைப் பிரஷர் விழுகை எண்டுதான் நாங்கள் முதல் எடுக்கிறது.

இன்னொண்டும் இருக்கு: கைவிரல் விறைச்சு, பிடி இறுகாமல், குரல் குசுகுசுப்பா வந்தா உடன சொல்லுங்கோ. அது மருந்து தேவைக்கு மேல உயர ஏறுது எண்ட அறிகுறி. நெஞ்சு பாரமா இருந்தும் நல்லாக் கதைக்க முடிஞ்சா அது வழமையானது.

கிண்ணியா ராத்தா | புதன் இரவு 11:00

சிங்களத்துக்கு நான் இரிக்கன் தங்கச்சி, எங்கட கடைக்கு வாற பாதிப்பேர் சிங்களம்தான். ஓங்காளத்துக்கு அவங்க சொல்றது "ஒக்காரய". கேட்டீங்களா, எங்கட ஓக்காளம் மாதிரியே! "ஒக்காரே எனவா" எண்டா ஓங்காளம் வருது. "வமனே எனவா" எண்டா சத்தி வருது. தலச்சுத்துக்கு "கரகெவில்ல". மூச்செடுக்க கஷ்டம் எண்டா "ஹுஸ்ம கன்ன அமாருய்".

2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி எங்கட உம்மா நோவோட பாதையில, அதுதான் ஆள் ஏத்திற மிதவையில, ஏறி அக்கரைக்குப் போனவ. அவவுக்குச் சிங்களமும் தெரியா, ஊசியும் இல்ல. நீங்க ரெண்டு சொல்லைப் பாடமாக்க மாட்டீங்களா?

பழைய தியேட்டர் மிஸ்ஸி | வியாழன் காலை 5:45

ஒண்டும் வராட்டி "டொக்டர்" எண்டு மட்டும் கூப்பிடும். எல்லாப் பாஷைக்கும் அது காணும். இல்லாட்டிப் பக்கத்தில நிக்கிற மிஸ்ஸியின்ர உடுப்பைப் பிடிச்சு இழும். என்ர கவுணில எத்தினை பிள்ளையள் இழுத்த சுருக்கம்.

டொக்டர் தம்பி ஒண்டை விட்டிட்டார். பிள்ளை வெளியில வந்த பிறகும் ஒருக்கா விழும். கருப்பை சுருங்க ஒக்சிரோசின் போடுவினம், அதை ஒரேயடியா அடிச்சா ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் தொபுக்கெண்டு இறங்கும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். அதுதான் மெல்ல மெல்லப் போடுறது. பிள்ளையின்ர முகத்தைப் பாத்த சந்தோசத்தில அந்த நேரம் ஓங்காளத்தைச் சொல்ல மறந்திடாதையும்.

உப்புவெளி சித்தப்பா | வியாழன் காலை 9:00

சேலைன் விசயத்தில நான் தோத்தன், ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த ஊசி போட்டா வாழ்நாள் முழுக்க நாரி நோ எண்டது மாறாது. என்ர மனிசிக்கு 22 வருசமா நோகுது.

சிரிஞ்ச் பம்ப் | வியாழன் காலை 9:30

ஊசி குத்தின இடம் சில நாள் நோகும், அது உண்மை. நாள்பட்ட நாரி நோவுக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு காட்டப்படேல்லை, சாதாரணமாப் பெத்தவைக்கும் அதே நாரிதான் நோகுது. மூண்டு பிள்ளையைத் தூக்கினது ஆர் எண்டு அன்ரியிட்டக் கேளுங்கோ.

தலையிடிதான் உண்மையான பக்கவிளைவு. இருந்தாக் கூடும், படுத்தாக் குறையும். 1898ல இந்த ஊசியைத் தொடக்கின ஜெர்மன் டொக்டர் ஓகுஸ்ட் பியர் தன்ர முதுகிலயே குத்தச் சொல்லிப் பாத்திட்டு நாள்கணக்காத் தலையிடியில படுத்திருந்தவர். இப்ப நாங்கள் பாவிக்கிற ஊசி முனை பென்சில் மாதிரி, இழையை வெட்டாமல் விலத்திப் போகும், அதால அந்தத் தலையிடி நல்லாக் குறைஞ்சிட்டுது. வந்தாச் சொல்லுங்கோ, அதுக்கும் வைத்தியம் இருக்கு.

நிலாவெளி மருமகள் | நாலு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு பிற்பகல் 3:10

மகள் பிறந்து எட்டு நாள். இப்ப மடியில நித்திரை, ஒரு கையால எழுதுறன்.

முதல் நாள் உணர்வழி டொக்டர் வாட்டுக்கு வந்தவர். சிங்களம்தான். டயக்னோசிஸ் காட்டை நீட்டினன். அதில பிரஷர் விழுந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! அவர் திருப்பித் திருப்பிப் பாத்தார். "எழுபது" எண்டு விரலால காட்டி, சத்தி எடுத்தமாதிரி நடிச்சும் காட்டினன். பக்கத்துக் கட்டில் அக்கா சிரிச்சே தையல் நொந்துபோனா. அவர் சிரிக்கேல்லை, கொப்பியில எழுதினார்.

தியேட்டரில எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரி. ஊசி இறங்கேக்கயே ஒரு மிஸ்ஸி சேலைன் பையைக் கையால அமத்திக்கொண்டு நிண்டா. தலமாட்டில பம்ப் ஒண்டு பச்சை லைட்டோட. இடுப்புக்குக் கீழ துணிச் சுருட்டு. இலக்கம் கேக்க வேணும் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு கிடந்தன்: முதல் 124, பிறகு 118, பிறகு 109. அதுக்குப் பிறகு பட்டி இறுக முதலே அந்தக் கொட்டாவி வந்திட்டுது. எனக்கு உடம்பெல்லாம் கூசினது. வயிறு பிரட்ட முதலே, "டொக்டர், ஒக்காரே எனவா" எண்டு கத்தினன். கொஞ்சம் பலமாக் கத்திட்டன் போல, கத்தியோட நிண்ட டொக்டரும் நிமிந்து பாத்தார். இவர் பம்பில என்னவோ அமத்திக்கொண்டே குனிஞ்சு, "ஓங்காளிக்குதா அம்மா?" எண்டு தமிழில கேட்டார். அந்த ழகரமும் ளகரமும் தடுமாறுற தமிழ். பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார், என்னை மாதிரியே.

பிறகுதான் பட்டி அளந்தது 96. அடுத்தது 115. சத்தி வரேல்லை. மகளைக் கொண்டு வந்து கன்னத்தில முட்டினவை, ஈரமா, சூடா இருந்தா. ஒக்சிரோசின் நேரம் நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, மிஸ்ஸி சொன்னதால பயப்பிடேல்லை. நடுக்கம்தான் தாங்க ஏலாம இருந்தது, பல்லெல்லாம் அடிச்சுக்கொண்டது, ரெண்டு கம்பளி போட்டுவிட்டவை.

பழைய தியேட்டர் மிஸ்ஸி | ஞாயிறு மாலை 5:20

நடுக்கம் கனபேருக்கு வரும் பிள்ளை, அதை நான் சொல்ல மறந்திட்டன். பால் வந்திட்டுதே? தலையிடி ஒண்டும் இல்லையே?

நிலாவெளி மருமகள் | ஞாயிறு மாலை 6:00

தலையிடி இல்லை மிஸ்ஸி. பால் மூண்டாம் நாள்தான் நல்லா வந்தது. மாமி சுறாப் புட்டு அவிச்சுத் தாறா, ஒவ்வொரு நாளும்.

கிண்ணியா ராத்தா | ஞாயிறு மாலை 6:10

சுறா எங்க வாங்கின? இஞ்ச கிலோ விலயக் கேட்டா பிரஷர் விழுறல்ல, ஏறுது.